உயிர், ஆன்மா, நம் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஏதாவது ஒரு பழைய நூலை எடுத்து வாசிக்கிறோம். போன வருடம் முழுக்க உயிர், ஆன்மா பற்றிய பாடல்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான் என்பதால், நான் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 31 ஆண்டு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்தக் கேள்விகள் என்னை விடவே இல்லை.

உயிர், ஆன்மா, ஆவி, மனம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஆனால் பேச்சில் கலந்துவிட்டன. நினைப்பதும் ஆசைப்படுவதும் குழம்புவதும் மனம். ஆவி என்றால் மூச்சு, நீராவி; பேய் என்ற பொருளும் உண்டு, கிறித்தவர்களுக்கு அது பரிசுத்த ஆவி. ஆன்மா வடமொழியிலிருந்து வந்த சொல். கோயில் சொற்பொழிவிலும் இரங்கல் செய்தியிலும் கேட்கிறோம், வீட்டில் அதிகம் புழங்குவதில்லை. உயிர்தான் நாள் முழுக்க நம் வாயில் கிடக்கிறது. "உயிரை வாங்காதே" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். நெருக்கமானவள் உயிர்த்தோழி. கச்சேரி சரியில்லை என்றால் பாட்டில் உயிரே இல்லை என்கிறோம். "ஆன்மாவை வாங்காதே" என்று எந்த அம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் எழுத்துக்கே உயிர் உண்டு. 12 உயிர், 18 மெய், இரண்டும் சேர்ந்து 216 உயிர்மெய். முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் 'க்' என்று தனியாகச் சொல்லச் சொன்னால் திணறுவார்கள். ஒலி தொண்டையிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அகரம் வந்து சேர்ந்ததும் 'க' என்று வாய் திறக்கும், அந்தச் சின்ன முகமும் சேர்ந்து திறக்கும். "மெய்யின் வழியது உயிர்தோன்று நிலையே" என்பது தொல்காப்பியம். உயிர்மெய்யில் மெய்யை அடுத்துத்தான் உயிர் ஒலிக்கும் என்ற சாதாரண இலக்கண விதி அது. ஆனாலும் உடம்புக்கும் மெய், உண்மைக்கும் மெய் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி இது. உடம்பைத் தாழ்த்திவிட்டு உயிரைத் தூக்கிப் பேசுகிறவர்களிடம் இந்த ஒரு சொல்லை எடுத்துக்காட்டுவது என் வழக்கம்.

தமிழ்ச் சைவம் ஆன்மாவைப் பற்றி என்ன சொல்கிறது?

பதி, பசு, பாசம் என்று மூன்று. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருக்கும் கயிறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் 12 நூற்பாக்களில் இதை அடக்கிவிட்டார். ஆணவம், கன்மம், மாயை எல்லாம் பலருக்கும் கேட்டுப் பழகிய சொற்கள், அவற்றை இங்கே விரிக்கவில்லை. நான் நின்று பார்க்கச் சொல்வது வேறு ஓர் இடத்தில்.

ஆன்மாவின் இயல்பு 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்கிறது சைவ சித்தாந்தம். எதைச் சார்கிறதோ அதன் நிறத்தை அது ஏற்றுக்கொள்ளும். இதற்குப் பளிங்கை உவமை சொல்வார்கள். செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்தால் பளிங்கு சிவப்பாகத் தெரியும், பூவை எடுத்துவிட்டால் சிவப்பும் போய்விடும். 14ஆம் நூற்றாண்டில் திருவருட்பயன் எழுதிய உமாபதி சிவம் கண்ணைச் சொல்கிறார். இருட்டில் கண் இருட்டாகவே இருக்கிறது, ஒளியில் ஒளியாகிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டுதான், ஆனால் வெளிச்சம் வந்து உதவாமல் அதனால் எதையும் பார்க்க முடியாது. உயிரும் அப்படியே.

முதல் முறை இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆன்மா உள்ளே பத்திரமாகப் பூட்டி வைத்த நகை என்று நினைத்திருந்தேன். வெளியே எப்படி வாழ்ந்தாலும் அது பாட்டுக்கு அங்கே இருக்கும் என்ற நிம்மதி. சித்தாந்தம் அந்த நிம்மதியைத் தரவில்லை. அது அழியாது, சரி. ஆனால் காலையிலிருந்து இரவு வரை எதன்மேல் சாய்ந்து கிடக்கிறாயோ அதன் நிறம்தான் உனக்கு என்கிறது.

மேலைநாட்டுத் தத்துவம் இதிலிருந்து எவ்வளவு தூரம்?

ஒரே மேலைநாட்டுத் தத்துவம் என்று ஒன்று கிடையாது. பழைய கிரேக்கத்தின் பிளேட்டோவுக்கு ஆன்மா இரண்டு குதிரையும் ஒரு சாரதியும் சேர்ந்த தேர் மாதிரி. ஒரு குதிரை சொன்ன பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது. உடம்பு போனாலும் ஆன்மா இருக்கும் என்று நம்பியவர் அவர். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில், ஆன்மா என்பது உயிருள்ள உடம்பின் வடிவம், அது உயிரோடு இயங்கும் விதம் என்றார். கண் தனியாக ஒரு விலங்காக இருந்தால் பார்வைதான் அதன் ஆன்மா என்பது அவர் தந்த உதாரணம்.

பாருங்கள், இவரும் கண்ணைத்தான் எடுக்கிறார். அரிஸ்டாட்டிலின் பேச்சு கண்ணோடும் அதன் பார்வையோடும் முடிகிறது. உமாபதி சிவம் வெளிச்சத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார். எங்கள் கூட்டத்தில் ஒரு மாலைப்பொழுது முழுக்க இதைப் பற்றியே பேசினோம், எனக்கு அது போதவில்லை.

1641ல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்து மனம் வேறு, உடம்பு வேறு என்று கோடு கிழித்தார். உடம்பு இடத்தை அடைத்துக்கொண்டு இயந்திரம்போல இயங்குவது, மனம் சிந்திப்பது. ஒரு நூற்றாண்டு கழித்து ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் தனக்குள் தேடிப் பார்த்துவிட்டு, சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று உணர்வுகள்தான் வந்து போகின்றன, 'நான்' என்று தனியாக ஒன்றும் அகப்படவில்லை என்றார். ஆன்மாவைப் பற்றிப் படித்தவர்கள் கூச்சத்தோடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

உயிருக்கு 21 கிராம் எடை என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி இது. 1907ல் அமெரிக்காவில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர், இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் வைத்து எடைபோட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அதில் ஒருவரிடம் கண்ட எடைக் குறைவுதான் இந்த 21 கிராம். மற்றவர்களின் அளவுகள் இதோடு பொருந்தவில்லை. இரண்டை அவரே கணக்கில் சேர்க்கவில்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அனுப்பியவரிடம் கோபித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள்.

பௌத்தத்தில் ஆன்மாவே இல்லையே. அப்படியென்றால் நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 20 விழுக்காட்டினர் சமயம் சாராதவர்கள், இந்துக்கள் 5 விழுக்காடு. ஆகவே இந்தக் கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது.

நிலையான 'நான்' என்று ஒன்று இல்லை என்பது புத்தரின் போதனை. மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி கேட்ட கேள்வி பெயர் பெற்றது: தேர் எது? சக்கரமா, அச்சா, நுகத்தடியா? எதுவும் தனியாகத் தேர் இல்லை, எல்லாம் கூடி நிற்பதைத் தேர் என்கிறோம். மனிதனும் அப்படித்தான். இது நமக்கு அந்நியமான பேச்சும் இல்லை, மணிமேகலை பௌத்தக் காப்பியம்தானே.

என்னைக் கேட்டால், அன்றாட வாழ்க்கைக்கு வரும்போது இரண்டும் ரொம்பத் தூரத்தில் இல்லை. நீ தனியாக நிற்கிறவன் இல்லை, மற்றவற்றைச் சார்ந்து இருக்கிறவன் என்று இரண்டுமே சொல்கின்றன. கடைசியில் என்ன மிஞ்சும் என்பதில்தான் பெரிய வேறுபாடு. அதை மூடி மறைத்து, எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆன்மா அழியாதது என்றால் 'ஆன்மாவை இழந்த சமூகம்' என்று ஏன் சொல்கிறார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

1917ல் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், நவீன உலகத்திலிருந்து மாயம் வெளியேறிவிட்டது என்றார். எல்லாவற்றையும் கணக்கிட்டு அறிந்துவிடலாம், கட்டுப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்ட பிறகு, மழைக்கும் மரத்துக்கும் உள்ளே நம்மோடு பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இன்னொருவர் சிமோன் வெய். பிரெஞ்சுக்காரர், தத்துவ ஆசிரியை. 1934ல் பள்ளி வேலையை விட்டுத் தொழிற்சாலையில் கூலி வேலைக்குப் போனவர். 1943ல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் லண்டனில் இருந்தபோது, வேரூன்றி இருப்பதுதான் மனித ஆன்மாவின் மிக முக்கியமான தேவை, ஆனால் பலரும் கண்டுகொள்ளாத தேவை என்று எழுதினார். கவனத்தைப் பற்றியும் அவர் நிறைய எழுதியிருக்கிறார். இன்னொரு உயிரை முழுதாகக் கவனிப்பதைவிடப் பெரிய கொடை அவருக்கு இல்லை.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இல்லை. 2014ல் அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி இரவு. கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு திரை. பச்சைக் கோடு இதயத்துடிப்பு, நீலம் உயிர்வாயு, வெள்ளையில் இரத்த அழுத்தம். நானும் தம்பியும் அம்மாவும் அத்தையும் கட்டிலைச் சுற்றி நின்றோம். 88 என்று காட்டியது, 86 ஆனது, மறுபடி 89. எண் ஏறினால் மூச்சு விட்டோம், இறங்கினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி அதைக் கைப்பேசியில் படமெடுத்து ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. அப்புறம் ஓர் இளம் தாதி உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் கையை நீட்டித் திரையை மட்டும் அணைத்தார். "வெளியே எங்கள் மேசையில் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அவரைப் பாருங்கள்" என்றார்.

அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் பாதி திறந்து, அம்மா நின்ற பக்கமாகத் திரும்பியிருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ தெரியாது. அம்மா புடவைத் தலைப்பை நனைத்து உதட்டை ஒற்றினார். விடிவதற்கு முன் அப்பா போய்விட்டார்.

"குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்ற குறளை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். கூடு தனியே கிடக்கப் பறவை பறந்துபோவதுபோல, என்று பொருள் சொல்லி எழுதியும் போட்டிருக்கிறேன். அன்று நாங்கள் பறவையைப் பார்க்காமல் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். இயந்திரத்தின்மேல் எனக்குக் குறை இல்லை, அது அப்பாவுக்குச் சில நாட்களைக் கூட்டிக் கொடுத்தது. ஒன்றரை மணி நேரம் எங்கள் நான்கு பேரின் உயிரும் அந்தத் திரையைச் சார்ந்து அதன் நிறத்தில் இருந்தன, அவ்வளவுதான். 'இழப்பு' என்று நான் சொல்வது இதைத்தான். ஆன்மா எங்கும் போய்விடுவதில்லை. சார வேண்டியவற்றை விட்டு வேறொன்றைச் சார்ந்து, அதன் நிறமாகவே ஆகிவிடுகிறது. சமூகம் முழுக்க அப்படி ஆகும்போது அதற்கு நவீனம் என்று பெயர் வைத்துப் பழகிவிடுகிறோம்.

சிங்கப்பூர் ஆன்மா இல்லாத ஊர் என்கிறார்களே?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டே நாளில் சொல்லிவிடுவார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் சொல்கிறார்கள், அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பில், ஆன்மா இருந்தது, அடுக்குமாடி வந்து அதைக் கொன்றுவிட்டது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்தான் (வீவக) அவர்களுக்குக் கூரை கொடுத்தது. நாலில் மூன்று பேருக்கும் மேல் இன்று வீவக வீடுகளில் வாழ்கிறோம். ஓலைக் கூரையின்கீழ் மழைக்குச் சட்டி வைத்த அம்மா, கம்பத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் வேறொன்று உண்டு. இந்த ஊரில் சாய்ந்துகொள்ள ஓர் இடத்தைப் பிடித்ததும் அந்த இடம் நகர்ந்துவிடுகிறது. பிடாடரி இடுகாடு 1972ல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், இன்று அங்கே புது வீடுகள், பூங்கா, எம்ஆர்டி ரயில் நிலையம். 1998 முதல் சுவா சூ காங்கில் அடக்கம் செய்தாலும் 15 ஆண்டுதான், அதன் பிறகு எடுத்துவிட வேண்டும். இடம் இல்லை, என்ன செய்வது. உயிரோடு இருப்பவர்களுக்கு வீடு வேண்டும், அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இறந்தவர்களுக்கும் தவணை வைத்த ஊரில் வளர்கிற பிள்ளைக்கு, எதுவும் என்னைவிட நீண்ட நாள் இருக்காது என்ற எண்ணம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அது ஒரு பெரிய பாரம். அந்தப் பாரத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இதற்கு நடுவிலும் வேர் பிடிக்கத்தான் செய்கிறது. அம்மா ஆறாவது மாடி நடைபாதையில், எங்கள் கதவுக்கு வெளியே, தினமும் காலையில் கோலம் போடுவார். சிமெண்டுத் தரையில் ஒரு முழ அகலம், ஐந்து புள்ளி. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தன் வாசலில் சிவப்புத் தகரத்தில் ஊதுபத்தி ஏற்றுவார். அம்மாவுக்கு மலாய் கொஞ்சம், அந்தப் பாட்டிக்கு ஹொக்கியன் என்ற சீன மொழி மட்டும். இருபது ஆண்டில் இருவரும் பேசிக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் துப்புரவாளர் நடைபாதையைக் கழுவ வரும் நாளில், கோலத்தின் பக்கம் குழாயைக் கொண்டுவராதபடி அந்தப் பாட்டி குறுக்கே நின்றுகொள்வார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சாமி கும்பிடுவதில்லை. எனக்கு இதில் என்ன இருக்கிறது?

எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் கும்பிடாதவர்கள். "அன்பின் வழியது உயிர்நிலை அஃதிலார்க்கு என்புதோல் போர்த்த உடம்பு" என்ற குறளுக்கு நம்பிக்கைச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. அன்பின் வழியில் இயங்குவதுதான் உயிர் குடியிருக்கும் உடம்பு, இல்லையென்றால் எலும்பின்மேல் தோல். வாருங்கள்.

வீட்டில் தமிழ் போய்விட்டால் உயிரும் போய்விடுமா?

அப்படிப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. 2020 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். அந்த வீடுகளில் எல்லாம் உயிர் இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் பாட்டியின் கடைசி நாட்களில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டியும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டார். கை பிடித்தது பெரிய விஷயம். இருந்தாலும் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு சொல் இருந்து, வெளியே வர வழியில்லாமல் நின்றது. 'க்' மாதிரி.

தினமும் பன்னிரண்டு மணி நேர வேலை. தியானம் செய்தால் சரியாகிவிடுமா?

செய்யுங்கள், நல்லது. ஆனால் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு மீதி நேரம் முழுக்க அதே பதற்றத்தின்மேல் சாய்ந்திருந்தால் நிறம் எதிலிருந்து வரும்? நான் எல்லாருக்கும் சொல்வது ஒரு சின்னக் காரியம்தான்: ஒரு நாளில் ஓர் உயிரை முழுதாகப் பாருங்கள். பேரங்காடியில் காசு வாங்குகிற அக்கா, வீட்டில் அம்மா, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) புல்வெளியில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில் மகளுக்குச் சோறு ஊட்டுவதுபோல விளையாடும் ஊழியர். வேலை நேரத்தைக் குறைக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். பலரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாதவரிடம் போய் உன் ஆன்மாவைக் கவனி என்று உபதேசம் செய்வது கொடுமை, அதை எங்கள் கூட்டத்தில் யாரும் செய்யக்கூடாது என்பது நான் போட்ட ஒரே விதி.

இரங்கல் செய்தியைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கலாமா?

வேண்டாம். பிழையோடு இரண்டு வரி போதும். துக்க வீட்டில் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

பாட்டி எங்கே போனார் என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

பலர் இதைக் கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து கேட்பார்கள். நட்சத்திரமாகிவிட்டார், தூங்குகிறார் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். தூங்குகிறார் என்று சொன்னால் பிள்ளை தூங்கப் பயப்படும். உங்கள் நம்பிக்கை என்னவோ அதை உங்கள் வாயால் சொல்லுங்கள், பிள்ளை உங்கள் குரலைத்தான் கேட்கும்.

2019ல் அம்மா போனபோது தம்பி மகனுக்கு ஆறு வயது. மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பி, மறுநாள் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தவன் எங்கள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான். தரை வெறுமையாக இருந்தது. "அத்தை, பாட்டி வரலைன்னா இதை யார் போடுவா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே போய் மாவு டப்பாவை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். எனக்கே கோலம் சரியாக வராது. இருவரும் உட்கார்ந்து ஐந்து புள்ளி வைத்தோம், அதில் ஒன்று கோணலாக விழுந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பாட்டி வெளியே வந்து எங்களைப் பார்த்தார், பிறகு சிவப்புத் தகரத்தில் ஊதுபத்தியை ஏற்றிவிட்டு, நாங்கள் முடிக்கும்வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.